கிருமிக்கும் கஞ்சி ஊத்தணும், பேராண்டி

ஏன் பேராண்டி, அறநூறு ரூபா குடுத்துக் கிருமி வாங்கியாந்து ஃப்ரிட்ஜில படுக்க வச்சிருக்கியாமே? உன் பாட்டிதான் சொன்னா. எடம் பத்தலேன்னு தயிர்ச் சட்டியத் தூக்கி வெளியில வச்சுட்டு அந்த டப்பாவை உள்ள வச்சியாம். தயிர்லயும் அந்தச் சாதிசனம்தான்டா இருக்கு. அதுக்கு அட்டைப்பெட்டி இல்ல, அதான் மரியாதை இல்ல.

கோவிச்சுக்காத, இப்படி ஒக்காரு. அந்த ஈசிச்சேர்ல வேணாம். அது உன் கொள்ளுத்தாத்தாவுக்குச் செஞ்சது, அம்பத்தஞ்சு கிலோ மனுசன். திண்ணையில ஒக்காரு, அது தாங்கும்.

டப்பாவுல என்ன போட்டுருக்கான், படி. ஒரு மாத்திரையில 500 கோடி உயிருள்ள கிருமியா? யார்ரா எண்ணினது? நெல்லக் கொண்டுபோயி அரசாங்கக் கொள்முதல் நெலையத்துல கொட்டினா, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல ஒரு புள்ளி ஏறினாலும் காயவச்சுக் கொண்டாங்கறான். நாமளும் எடை போடுறப்ப முள்ளையே பாத்துக்கிட்டு நிக்கிறோம். நீ என்னடான்னா 500 கோடின்னு அச்சடிச்சிருந்தாப் போதும், வாயத் திறந்துடுற. சென்னையிலேருந்து பஸ்ஸு வெக்கையில வந்ததுல எத்தன கோடி செத்துச்சு, மிச்சத்துல எத்தன கோடி உன் இரைப்பை அமிலத்தத் தாண்டிக் குடலுக்குப் போயிச் சேந்துச்சு, கணக்குக் கேட்டியா?

சிரிக்காத. இந்தக் கணக்கப் பாக்குறதுக்குன்னே நம்ம தஞ்சாவூர்ல ஒரு வயித்தச் செஞ்சு வச்சிருக்காங்க. புதுக்கோட்டை ரோட்டுல உணவுத் தொழில்நுட்பக் கழகம் இருக்குல்ல, நிஃப்டெம்னு பேரு. 1967-ல திருவாரூர் அரிசி ஆலையில நெல்லு ஆராய்ச்சிக்குன்னு சின்னதா ஆரம்பிச்சது. இப்ப மனுசனோட இரைப்பை, சிறுகுடல் மாதிரியே இயந்திரம் செஞ்சு, சோத்தப் போட்டா எப்படிச் செரிக்குது, சர்க்கரை எவ்வளவு வேகமா எறங்குதுன்னு பாக்குறாங்க. நல்ல கிருமிக்கு மேல பூச்சுப் பூசி, அமிலத்துல சாவாமக் குடல் வரைக்கும் அனுப்புறது எப்படின்னும் ஆராய்ச்சி பண்றாங்க. பூச்சுப் பூசணும்னாலே என்ன அர்த்தம்? பூசாம விட்டா வழியிலேயே பாதி செத்துடுதுன்னு அர்த்தம். அந்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய சவுகரியம், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாக் கடைக்குப் போவாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? திருச்சியில மைக்ரோபயாலஜி படிக்கிறாளே உன் தங்கச்சி, அவளுக்குக் கைச்செலவு நாந்தான். மாசாமாசம் பணம் வேணும்னா படிச்சதுல பாதிய எனக்குச் சொல்லணும்னு ஒப்பந்தம். உனக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டிருப்பேன், நீ சொல்லிக்குடுக்கிற மாதிரி எதையும் படிக்கல.

உன் பக்கமும் நியாயம் இருக்கு. ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்புன்னு வந்துடுச்சு, பயந்துட்ட. நீ தனியா இல்ல. எய்ம்ஸ் டாக்டருங்க 2022-ல, இந்தியா பூரா நடந்த ஆய்வையெல்லாம் சேத்துப் பாத்ததுல, பெரியவங்கள்ல நூத்துக்கு 38 பேருக்கு இது இருக்கு. குடிக்காமலே வர்ற கொழுப்பு. நீ குடிக்கிறதில்லன்னு உங்கம்மா சொல்றா, நானும் நம்புற மாதிரி வச்சுக்கிறேன்.

கிருமிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்னு கேளு. குடல்லேருந்து கெளம்புற ரத்தம் ஊரச் சுத்தாம நேரா கல்லீரலுக்குத்தான் போவுது. கல்லீரலுக்கு வர்ற ரத்தத்துல முக்காப் பங்கு அந்த ஒரு நாளம் வழியாத்தான். குடலோட உள்தோலு கெட்டியா இருந்தா சத்து மட்டும் தாண்டும். நார்ச்சத்தே இல்லாமக் கொழுப்பும் சக்கரையுமா தின்னு அந்தத் தோலு எளகிப் போச்சுன்னா, செத்த கிருமியோட மேல்தோல் துணுக்கும் கூடவே கல்லீரலுக்குப் போயிடும். அந்த விஷத்தப் பாத்ததும் கல்லீரல் சண்டைக்கு நிக்கும், அழற்சி வரும். ஏற்கெனவே கொழுப்பு அப்பிக்கிட்ட கல்லீரல்ல இது வருசக்கணக்கா நடந்தா தழும்பு விழுந்து இறுகிடும். ஆக, குடல்ல யாரு குடியிருக்கான்றது முக்கியம்தான். அதுல உன் டப்பாக்காரன் பொய் சொல்லல.

சீனாவுல ஒரு ஆளு கதை கேளு, 2019-ல வெளியாச்சு. சாராயத்தத் தொடமாட்டாரு. ஆனா மாவுப்பண்டம், இனிப்பு சாப்பிட்டாருன்னா போதை ஏறிடும். ரத்தத்தச் சோதிச்சா சாராயம். கல்லீரலும் மோசம். கடைசியில பாத்தா, வயித்துக்குள்ள கிளெப்சியெல்லான்னு ஒரு கிருமி, தின்ன சக்கரைய உள்ளேயே காய்ச்சிக்கிட்டு இருந்துருக்கு. சரி, இது ஒரு ஆளோட சங்கதின்னு விடல. கொழுப்புக் கல்லீரல்காரங்க கொஞ்சப் பேரச் சேத்துப் பாத்திருக்காங்க, அவங்கள்ல நூத்துக்கு அறுபது பேருகிட்ட சாராயம் நெறைய காய்ச்சுற அந்தச் சாதிக் கிருமி இருந்துச்சாம். அத எலிக்குக் குடுத்தா எலிக்கும் கல்லீரல்ல கொழுப்பு. இத உன் பாட்டிகிட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அப்ப உங்கப்பா தொட்டதே இல்லன்னு சத்தியம் பண்ணினது பொய்யில்ல போலிருக்கு"ன்னா. எங்கப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி அம்பது வருசம் தாமதமா வந்துருச்சு.

இந்தக் கிருமி வைத்தியம் புதுசும் இல்ல. ரஷ்யாக்காரரு மெச்னிகோவ்னு, 1908-ல நோபல் பரிசு வாங்கினவரு. பரிசு வேற வேலைக்கு. ஆனா பல்கேரியாக் குடியானவங்க புளிச்ச பால் குடிச்சு ரொம்ப நாள் இருக்காங்கன்னு சொல்லி ஊருக்கெல்லாம் ஆசைகாட்டினாரு, தானும் குடிச்சாரு. 71 வயசுல போயிட்டாரு. நான் அவரத் தாண்டிப் பல வருசமாச்சு. புளிச்ச மோரு எனக்கும் பழக்கம்தான், ஆனா அதனாலதான்னு யாராவது கேட்டா நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

இப்ப உன் தொப்பைக்கு வருவோம். ஜப்பான்ல 2010-ல லாக்டோபேசிலஸ் காசெரின்னு ஒரு கிருமியப் போட்டுப் புளிச்ச பால் குடுத்தாங்க. பன்னெண்டு வாரம். வயித்துக்குள்ள இருக்குற கொழுப்பு 4.6 சதவீதம் கொறஞ்சுது. பரவால்லியேன்னு 2013-ல மறுபடி பண்ணினாங்க. அப்பயும் கொறஞ்சுது. குடிக்கிறத நிறுத்தி நாலு வாரமாச்சு, கொறஞ்சது திரும்பி வந்துருச்சு. வெளியூரு ஆளுங்க, கூலி குடுக்கிற வரைக்கும் இருந்தாங்க, போயிட்டாங்க. இங்கிலாந்துல சவுத்தாம்டன்ல 2020-ல 104 கொழுப்புக் கல்லீரல்காரங்கள வச்சு ஒரு வருசம் பாத்தாங்க. பாதிப் பேருக்கு நல்ல கிருமியும் அதுக்குத் தீனியும், மீதிப் பேருக்கு வெறும் மாவு. குடல்ல கிருமிக்கூட்டம் மாறிச்சு. கல்லீரல்ல கொழுப்பு அசையல. இந்த மாதிரி எடைக் கொறப்பு ஆராய்ச்சி எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா ஆளுக்கு அரைக்கிலோ, முக்காக்கிலோ கொறையுது. வாய்க்கால்ல நனைஞ்ச என் வேட்டிய அவுத்துட்டு நின்னா அந்தக் கொறச்சல் எனக்கு வந்துடும், அறநூறு ரூபா செலவில்லாம.

ஏன் இப்படின்னு கேட்டா, நீ வெவசாயி வூட்டுப் புள்ள, உனக்கே தெரிஞ்சிருக்கணும். அசோஸ்பைரில்லம் தெளிப்பமே, ஞாபகம் இருக்கா? அதுவும் பாக்கெட்டுல அடச்ச கிருமிதான், காத்துல இருக்குற தழைச்சத்தப் புடிச்சு நெல்லுக்குக் குடுக்கும். டிப்போவுல 200 கிராம் பொட்டலம், ஏக்கருக்கு நாலு. உன் சித்தப்பன் ஒரு வருசம் என்ன பண்ணினான், நேரம் இல்லேன்னு யூரியாவோட கலந்து காஞ்ச வயல்ல உச்சிவெயில்ல வீசிட்டு வந்தான். கூடவே ஆளுகிட்ட "இந்தக் கிருமியெல்லாம் ஏமாத்து வேல"ன்னு பேச்சு. மக்கின எருவுல கலக்கணும், ஈரம் வேணும், வெயில் தாழணும், யூரியா பக்கத்துல வரக்கூடாது. இது நாலும் இருந்தா அந்தக் கிருமி பெருகும். இல்லாட்டி பொட்டலக் காசு போச்சு. உன் வயித்துலயும் அதே சங்கதி. நீ உள்ள அனுப்புற 500 கோடிக்கு அங்க திங்க என்னடா வச்சிருக்க? மைதா மேல சக்கரை, சக்கரை மேல எண்ணெய். 

நான் சும்மா சொல்லல. அமெரிக்காவுல ஜெஃப்ரி கார்டன்னு ஒரு பேராசிரியரு. கிருமியே இல்லாம வளத்த எலி, அதிகமாத் தின்னும் கொழுக்காம இருந்தத 2004-ல காட்டினவரு. 2013-ல இன்னும் ஒரு படி போனாங்க. இரட்டைப் பிள்ளைங்க, ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி. அவங்க மலத்துலேருந்து கிருமிய எடுத்து எலிக்குள்ள வச்சாங்க. குண்டுக்காரரோட கிருமி போன எலி கொழுத்துது. அப்பறம் ரெண்டு எலியையும் ஒரே கூண்டுல விட்டாங்க. எலிங்க ஒண்ணோட புழுக்கைய ஒண்ணு திங்கும், அதனால ஒல்லி எலியோட கிருமி குண்டு எலிக்குப் போயிச் சேந்து அது கொழுக்காம நின்னுச்சு. எப்ப? நார்ச்சத்து நெறைய, கொழுப்பு கம்மியாத் தீனி போட்டப்ப மட்டும். கொழுப்புத் தீனி போட்டப்ப நல்ல கிருமி வந்து தங்கவேயில்ல. நாம எலிக்கு வச்சா மருந்து, அவங்க எலிய வச்சு மருந்து. ஆனா எலி சொன்னத எழுதி வச்சிருக்காங்க, அத நீ படிக்கல.

டப்பாவக் கிண்டல் பண்ணிட்டேன்னு உன் பாட்டி கெலிச்சுட்டதா நெனைக்கிறா. "எல்லாத்துக்கும் பழைய சோறுதான் மருந்து"ன்னு தெருவெல்லாம் பேசிக்கிட்டுத் திரியறா. அவளையும் விடப்போறதில்ல.

பழைய சோறு நல்லதுதான். ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி மண்சட்டியில மூடி வச்சா, விடியறப்ப லாக்டிக் அமிலக் கிருமி தானாப் பெருகி லேசாப் புளிச்சிருக்கும். நீராகாரத்துல உப்பும் மோரும் போட்டு, ஒரு கையில சின்ன வெங்காயம், இன்னொரு கையில சுட்ட மோர்மொளகா. இப்பச் சொல்றப்பவே எனக்கு வாயூறுது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில குடல் அறுவை டாக்டருங்க, ஜெஸ்வந்த்னு ஒருத்தரு தலைமையில, அரசாங்கப் பணத்துல இத நோயாளிங்களுக்குக் குடுத்து ஆராய்ச்சியே எடுத்துக்கிட்டாங்க. ஆனா அது குடல் அழற்சிக்கு. உன் தொப்பைக்கு இல்ல.

உன் வாட்ஸப்புல ஒரு சேதி சுத்துதே, ராத்திரி ஊற வச்சா சோத்துல இரும்புச்சத்து இருவது மடங்கு ஆவுதுன்னு. கிருமிக்கு இரும்ப உண்டாக்கத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா என் ஏர்க்கொழுவ அந்தச் சட்டியிலதான் ஊறவச்சிருப்பேன். சோத்துல இருக்குற கொஞ்ச இரும்ப ஒடம்பு எடுத்துக்க விடாம ஒரு பொருள் புடிச்சு வச்சிருக்கும், புளிக்கறப்ப அது ஒடையுது, அதனால இருக்குறது நல்லாச் சேரும். அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு. சோறு ஆறினா மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத மாவா மாறும், அது நேராக் குடல் கிருமிக்குத் தீனி. இதுலதான் பெரிய சேதி இருக்கு. சீனாவுல 2023-ல 200 கொழுப்புக் கல்லீரல்காரங்கள வச்சு நாலு மாசம் பாத்தாங்க. தினம் 40 கிராம் அந்த மாதிரி மாவு குடுத்தவங்களுக்குக் கல்லீரல் கொழுப்பு நெசமாவே எறங்கிச்சு. எடை கொறஞ்சத ஒதுக்கிட்டுப் பாத்தாலும் எறங்கிச்சு. கேட்டியா, வெளியிலேருந்து கிருமி அனுப்பல, உள்ள இருக்குறதுக்குக் கஞ்சி ஊத்தினாங்க. உடனே உன் பாட்டி துள்ளினா. நான் கணக்குப் போட்டேன். ஆறவச்ச வெள்ளைச் சோத்துல அந்த மாவு நூறு கிராமுக்கு ஒண்ணரை கிராம் சொச்சம். 40 கிராம் வேணும்னா ரெண்டரைக் கிலோ பழைய சோறு திங்கணும். தினம் ரெண்டரைக் கிலோ சோறு தின்னா உன் கிருமிக்கு முன்னாடி நீ கொழுத்துருவ.

இப்ப மண்சட்டியில ஊத்தி, வாழையிலை விரிச்சு, பழைய சோத்த நட்சத்திர ஓட்டல்ல விக்கிறானாம். அந்தக் காலத்து ஆளுங்க பழையது தின்னு கல்லு மாதிரி இருந்தாங்கன்னு நீயும் ரீல்ஸ் பாத்துட்டு வந்து சொல்ற. வரப்புல ஒக்காந்து பழையது குடிச்சவங்க ஆரோக்கியத்துக்காகக் குடிக்கல. விடியறதுக்கு முன்ன வயல்ல நிக்கணும், அடுப்பு மூட்ட வெறகும் இல்ல, நேரமும் இல்ல. இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே 1952-ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்துச்சு. கூலி ஒசத்திக் கேட்ட சனங்கள, 1968-ல கீழ்வெண்மணியில, 44 பேர, குடிசையோட கொளுத்தினாங்க. இதுல கிண்டல் பேச எனக்கு வாய் வராது. அவங்க ஒல்லியா இருந்தது சட்டியில இருந்த கிருமியால இல்ல. சட்டியில சோறு கொறச்சல், நாள் பூரா சேத்துல வேல. அந்தச் சோத்த மட்டும் எடுத்துக்கிட்டு வேலைய விட்டுட்டு, ஏசி ரூம்புல ஒக்காந்து அவங்க இடுப்பு வேணும்னா எங்க வரும்?

அதனால நான் சொல்றதக் கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன்.

கல்லீரல் டாக்டருங்க எல்லா நாட்டுலயும் ஒரே கணக்குத்தான் சொல்றாங்க. ஒடம்பு எடையில அஞ்சு சதவீதம் எறக்கினா கல்லீரல் கொழுப்பு கொறைய ஆரம்பிக்கும், ஏழுலேருந்து பத்து எறக்கினா அழற்சியும் அடங்கும். நீ 92 கிலோ. ஆறரைலேருந்து ஒம்பது கிலோ எறக்கணும். உடனே பட்டினி கெடக்காத, திடீர்னு எறக்கினாலும் கல்லீரல் கெட்டுப்போவும். வட்டில்ல சோத்தப் பாதியாக்கு. அந்தப் பாதி எடத்துல வாழைத்தண்டு, கீரை, அவரை, பயறு. சம்பா அறுக்குறதுக்குப் பத்து நாள் முன்ன ஈரத்துல உளுந்து தெளிக்கிறமே, ஆடுதுறை 3, அது மண்ணுக்கும் நல்லது, உன் குடலுக்கும் நல்லது. ஆனா நீ அதுல வடை மட்டும் பாக்குற. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன்னு ஒரு மனுசன் மாப்பிள்ளைச் சம்பா, அது இதுன்னு 174 ரகம் தேடிச் சேத்து வச்சுட்டுப் போனாரு. அத வாங்கறது சரி, வாங்கி ரெண்டு தடவ பாலீஷ் போட்டு வெள்ளையாத் திங்கறது என்ன ஞாயம்? மோரு தினம் ஊத்திக்க. பழையதும் குடி, ஒரு கிண்ணம். சித்திரை வெக்கையில ரொம்ப நேரம் வெளியில கெடந்து நாத்தம் வந்துச்சுன்னா மாட்டுக்கு ஊத்து, கெட்ட கிருமியும் சோத்துலதான் பெருகும். 

குளுமைன்னு குடிக்கிறியே அந்தப் பாட்டில் ஜூசு, அத விட்டுடு. அதுல இருக்குற சக்கரையில ஒரு பங்க ஒடம்பு பெரும்பாலும் நேரா கல்லீரல்லதான் எறக்கும். திருவையாத்து அசோகா அல்வா மாசத்துக்கு ஒரு தடவ. இது உனக்கு. எனக்கு வாரத்துக்கு ஒரு தடவ, நீ வாங்கியாரணும்.

அப்பறம் வேல. வியர்வை வர்ற மாதிரி தினம் முக்கா மணி நேரம். நடக்க எடம் இல்லேன்னு சொல்லாத. கெழக்கால மூணு மா கெடக்கு, நட்டு இருவது நாளாச்சு, களை எடுக்க ஆள் கெடைக்கல. உன் கல்லீரலுக்கும் என் களைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, வைத்தியத்துக்காகத்தான் சொல்றேன். கோனோவீடர் கொட்டாயில இருக்கு. காலையில ஆறு மணிக்கு எறங்கினா எட்டுக்குள்ள ரெண்டு பாத்தி தள்ளிடலாம். சென்னையில ஜிம்முக்குக் காசு கட்டுறியே, இங்க சும்மா. உனக்குக் கட்டித்தான் பழக்கம்னா என்கிட்டயே கட்டு, வாங்கிக்கிறேன்.

டப்பாவ நிறுத்துன்னு நான் சொல்லல. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிறு போறப்ப இந்தக் கிருமி சில பேருக்கு உதவுது, டாக்டரே எழுதிக் குடுப்பாரு. புத்துநோய் மருந்து எடுத்துக்கிட்டு எதிர்ப்புசக்தி கொறஞ்சு கெடக்கிறவங்க மட்டும் டாக்டரக் கேக்காம உயிர்க்கிருமிய முழுங்கக் கூடாது. உனக்கு அது கெடுதல் பண்ணாது, பர்ஸுக்குத்தான். வேற எதாவது மாத்திரை சாப்பிட்டா என் பேச்சக் கேட்டு நிறுத்திப்புடாத.

கொழுப்புக் கல்லீரல் வலிக்காது. இறுகிப்போயி வயித்துல தண்ணி கோத்தப்பறம்தான் பல பேருக்குத் தெரியுது, அப்ப டாக்டருக்கே செய்ய ஒண்ணும் அதிகம் இருக்காது. ஆறு மாசம் கழிச்சுத் தஞ்சாவூர் மெடிக்கல்ல போயி மறுபடி பாத்துக்க. ஏழு கிலோ கொறையலேன்னாலும் போ, கொறஞ்சாலும் போ, கல்லீரல் எப்படி இருக்குன்னு சொல்லவேண்டியது டாக்டருதான், நான் இல்ல.